பிரதிமா சொன்ன ‘முடியாது’

நம் பக்கத்தில் யாராவது நேருக்கு நேராக ‘முடியாது’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாம்பரம் மார்க்கெட்டில் கீரை விற்கிற அம்மாவிடம் விலையைக் குறைக்கச் சொன்னால், “கட்டுப்படியாவாதும்மா” என்பார். குழாய் ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று பிளம்பரைக் கூப்பிட்டால், “பாக்கலாம் மேடம், நானே கால் பண்றேன்” என்பார். கால் வராது. வராது என்று அப்போதே நமக்கும் தெரியும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போக மனமில்லாத ஆள், “கண்டிப்பா வரப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார். கீழ்க்கட்டளை ஏரிப் பக்கம் வரை கொண்டு விடுவீர்களா என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டேன். “அந்தப் பக்கம் வண்டி போவாதும்மா” என்றார். அவருக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை, வண்டிதான் அடம்பிடிக்கிறது என்கிற மாதிரி.

ஜனங்கள் பேசுவதை இப்படிக் காதில் வாங்கிக்கொண்டே திரிவதுதான் நான் படித்த படிப்பு. நீங்கள் எல்லாம் பயன்பாட்டு மொழியியலில் எம்.ஏ. படித்து, இரண்டாம் மொழி கற்பிக்க முறையாகப் பயிற்சி எடுக்கிறீர்கள். நான் வெறும் பி.காம். மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு வடக்கிலிருந்து குடிவந்த பெண்கள், வாட்ச்மேனிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும் பேச முடியாமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அது அக்கம்பக்கம் பரவி, நாவலூர் அலுவலகங்கள் வரைக்கும் போய், கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் மொழியியல் துறையில் களப்பயிற்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மாணவர்கள் தாளில் எழுதித் தேறியதை நிஜ மனிதர்கள் முன்னால் செய்து பார்க்கும்போது பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையில் கேட்டார்கள். பாடத்திட்டம் போடுவது, தேர்வு வைப்பது, மதிப்பிடுவது எல்லாம் உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அது ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நிவேதா அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி. கீழ்க்கட்டளைப் பெண். அப்பாவும் அம்மாவும் அலுவலகம் போகிறவர்கள். எந்தக் காரியத்தையும் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்கிற பிள்ளை. அவளுக்குக் களப்பயிற்சி சிங்கப்பெருமாள் கோவிலில் கிடைத்தது. அங்கே காருக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். அவர்களுடைய விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறு காலைகளில் தமிழ் வகுப்பு. தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் போவோம். ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் அன்றைய வகுப்பை நிவேதா எனக்கு ஒருமுறை நடத்திக் காட்டிவிடுவாள்.

பாடத்தைப் பந்து வீசி நடத்துவது அவள் வழக்கம். கேள்வி கேட்டுப் பந்தை எறிவாள். பிடிப்பவர் பதில் சொல்ல வேண்டும். ‘முடியுமா’ பாடத்தன்று அந்தக் கூடமே அமர்க்களப்பட்டது.

“தமிழ் பேச முடியுமா?”

“முடியும்.”

“மெட்ராஸ் வெயில்ல ஸ்வெட்டர் போட முடியுமா?”

“முடியாது.”

“இன்னும் சத்தமா. பயப்படாம, தெளிவா.”

“முடியாது.”

இந்த ‘முடியாது’வில் எல்லோரையும்விடச் சத்தம் பிரதிமாவுக்கு. ஒடிசாக்காரப் பெண். ஒரு புதுச் சொல் கிடைத்தால் அதைச் சாயங்காலத்துக்குள் நாலு பேரிடம் போட்டுப் பார்த்துவிடுவாள். வாட்ச்மேன், மளிகைக் கடைக்காரர், விடுதியில் சமைக்கிற அக்கா, யாரையும் விடமாட்டாள். அவளுக்கு ஒரு காரணமும் இருந்தது. தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு என்று ஒன்று உண்டு. உட்கார்ந்து செய்கிற வேலை, ரப்பர் சூடும் புகையும் இல்லாத இடம். தமிழ் பேசத் தெரிந்தால் அங்கே மாற்றுகிறோம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் எப்போதும் முதல் வரிசை.

அடுத்த ஞாயிறு வகுப்பு இல்லை. மறுநாள் திங்கட்கிழமை நான் துறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிவேதா உள்ளே வந்தாள்.

“மேடம், பிரதிமாவை வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“ஏன், என்ன பண்ணினா?”

“தமிழ் பேசினா மேடம்.”

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விவரம் கேட்டேன். பிரதிமாவே போனில் அழுதுகொண்டே சொன்னது இது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு முதல் ஷிஃப்டை எப்படியோ ஓட்டிவிட்டாள். முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் தனசேகர் வரிசைக்கு வந்து, எல்லோருக்கும் எதிரில் அவளைக் கேட்டிருக்கிறார்: “செகண்ட் ஷிஃப்டும் இருக்க முடியுமா?” ஒரு தமிழ்க் கேள்வி முழுதாகப் புரிந்துவிட்டது. உடம்பு கொதிக்கிறபோதும் அதில் ஒரு சந்தோஷம் அவளுக்கு. வகுப்பில் சொன்ன மாதிரியே பயப்படாமல், தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: “முடியாது சார்.”

அவர் ஒரு நிமிடம் நின்று, “இன்னாது?” என்றிருக்கிறார்.

நமக்கு அந்த ‘இன்னாது’ புரியும். ஜாக்கிரதை, இன்னொரு தடவை சொல்லிப் பார், என்று அர்த்தம். பிரதிமாவுக்குப் புரிந்தது வேறு. வகுப்பில் யாருக்காவது காதில் விழவில்லை என்றால் ‘என்னது?’ என்று கேட்பார்கள், திரும்பச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவளும் திரும்பச் சொன்னாள், முன்னைவிடச் சத்தமாக.

அவ்வளவுதான். மேலதிகாரியை எதிர்த்துப் பேசினாள், ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று புகார். புதன்கிழமை எச்.ஆர். மேனேஜர் அறையில் விசாரணை. அதுவரை உள்ளே வரக் கூடாது. வேலை போனால் விடுதிக் கட்டிலும் போய்விடும், ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். சோதனைப் பிரிவைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

“நான் சொல்லிக் குடுத்தது மேடம். ஒரு எழுத்துகூடத் தப்பா சொல்லல அவ” என்றாள் நிவேதா. அதுதான் உண்மை. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட வேண்டிய பதில்.

இந்தச் சொல்லின் குணத்தைக் கொஞ்சம் பாருங்கள். ‘முடியும்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘முடியாது’ என்று எல்லாப் பாடநூலும் அட்டவணை போடுகிறது. தப்பில்லை. கல்லைத் தூக்க முடியாது, கடலை நீந்திக் கடக்க முடியாது என்று ஊர்ப்பட்ட விஷயத்துக்கு அது சரி. ஆனால் ஒருவர் நம்மிடம் ஒன்றைக் கேட்டு, நாம் ‘முடியாது’ என்று மட்டும் நிறுத்திவிட்டால், கேட்டவர் காதில் அது ‘மாட்டேன்’ என்றுதான் விழும். உடம்பு சரியில்லாதவர் அப்படிச் சொல்வதே இல்லை. ‘முடியல’ என்பார். “ரெண்டு நாளா முடியலீங்க” என்றால் என்ன முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை, “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்றுதான் கேட்பார்கள். ‘முடியாது’வுக்கும் ‘முடியல’வுக்கும் நடுவில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். ஒன்றைச் சொன்னால் வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். இன்னொன்றைச் சொன்னால் வாசலைக் காட்டி வெளியே அனுப்புவார்கள்.

நிவேதா மடிக்கணினியைத் திறந்தாள். வழியிலேயே திட்டம் தயாராகிவிட்டிருந்தது.

“ஸ்லைட்ஸ் போட்டுடறேன் மேடம். முதல் ஸ்லைட்ல, ஒரு சொல்லோட அர்த்தம் வேற, அதைச் சொல்றதால நடக்கற காரியம் வேறன்னு விளக்கிடலாம். ரெண்டாவதுல, சூப்பர்வைசர் எந்த இடத்துல தப்பா புரிஞ்சிக்கிட்டார்னு காட்டிடலாம்.”

“அந்த சூப்பர்வைசர் ரூம்லயே உக்காந்திருப்பாரே?”

“ஆமா மேடம், அவருக்கும் தெரியணுமில்ல?”

“அவருக்குத் தெரியும். அவர் மேனேஜருக்கு எதிர்ல தெரியணுமாங்கறதுதான் கேள்வி.”

எனக்கு எண்ணம் வேறு. நிவேதாவைவிட நான் நன்றாகப் பேசுவேன், ஸ்லைடே வேண்டாம். அந்த அறையில் நானே பேசி, ஆளைச் சிரிக்க வைத்து, காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் மனதில் கணக்குப் போட்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். அளந்து பேசுகிற மனிதர். நான் மொத்தக் கதையையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒன்று கேட்டார்.

“யாரோட வேலை போகப் போகுது?”

“பிரதிமாவோடது சார்.”

“அப்ப யார் பேசணும்?”

“சார், அவளுக்கு இன்னும் நாலு வாக்கியம் சேர்த்துப் பேச வராது.”

“வராதுதான். நீங்க பேசினா, நாளைக்கும் வராது. கூடப் போங்க. பேசாம இருந்துட்டு வாங்க.”

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கணவர், “கூட ஒரு ஆளை அனுப்பறேன், உன் வாயைப் பொத்த” என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் விடுதிக்குப் போனோம். பிரதிமா போர்வையைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது, முகம் மட்டும் இன்னும் வாடிக்கிடந்தது. நிவேதா ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள்: “மன்னிச்சிடுங்க சார், இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்.” அதைத் துண்டு துண்டாக்கி, சேர்த்து, மறுபடி துண்டாக்கிச் சொல்ல வைத்தாள். பிரதிமா அழகாகப் பிடித்துக்கொண்டாள். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் கேட்டாள். சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது.

“இதுல ‘இப்படி’ என்ன, டீச்சர்?”

“அன்னிக்குப் பண்ணின மாதிரி.”

“நான் என்ன பண்ணினேன்?”

பிரதிமா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “இது நான் சொல்ல மாட்டேன், டீச்சர்.”

நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘மாட்டேன்’ எங்கள் பாடத்தில் இன்னும் வரவே இல்லை. மூன்று வாரம் கழித்து வர வேண்டிய பாடம் அது.

“இந்த வார்த்தை யாரு சொல்லிக் குடுத்தாங்க?” என்றேன்.

“கிச்சன் அக்கா. டெய்லி சொல்றாங்க. ‘இன்னொரு தோசை போட மாட்டேன், போ.’”

உள்ளிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது: “ஆமா, நீங்க ஒருத்தருக்கு எட்டு தின்னா நான் எப்ப தூங்கறது?”

பிரதிமா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, முடியாது, மாட்டேன் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். அவள் பாஷையில் ‘பாரிபி நாஹி’ என்று சொல்வார்களாம். அதைச் சொன்னால் அவள் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்களாம். நம் ‘முடியாது’வும் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். “பாரிபி நாஹி, பாடி நோ” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, “மாட்டேன், மனசு நோ.”

அந்த இடத்தில் நாங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. மன்னிப்பை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் வேலை அநேகமாகத் தப்பிவிடும். தனசேகருக்கும் மனம் குளிரும். ஆனால் செய்யாத ஒன்றைச் செய்ததாக அவள் வாயாலேயே சொன்னதாகிவிடும், எதிர்த்துப் பேசுகிறவள் என்ற பெயர் அப்படியே நின்றுவிடும். அவளே பேசினால், தடுக்கி விழலாம். விழுந்தால் மறுநாள் ரயில்தான். பயிற்சி ஆசிரியருக்கு இதைவிட இக்கட்டு வேறு இல்லை. தேர்வில் தோற்றால் இன்னொரு தேர்வு உண்டு. இதற்கு மறுதேர்வு கிடையாது.

“நீயே முடிவு பண்ணு, பிரதிமா” என்றேன், அவளுக்குத் தெரிந்த தமிழில் இரண்டு வழியையும் விளக்கிவிட்டு. அவளுக்கு யோசிக்க நேரமே வேண்டியிருக்கவில்லை. “நான் பேசறேன்” என்றாள்.

“அப்ப வாக்கியம் வேணாம் நிவேதா. ‘முடியல’ மட்டும் குடு. மத்ததை அவளே கட்டிப்பா.”

“தப்பா கட்டினா மேடம்?”

“தப்பா கட்டின வீட்லயும் ஆளுங்க குடியிருக்காங்க. எங்க தெருவுக்கு வந்து பாரு.”

புதன்கிழமை மேனேஜர் அறை. மேனேஜர் சின்ன வயதுக்காரர், கழுத்தில் அடையாள அட்டை, மேசைமேல் இரண்டு போன். தனசேகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தொடுகிற வயது. அந்த ஆளைப் பற்றி உங்களுக்குத் தப்பான எண்ணம் வந்துவிடக் கூடாது. வரிசையில் ஒரு பெண்ணுக்கு விரலில் அடிபட்டபோது, தன் பைக்கில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான் என்று விடுதிப் பெண்களே சொல்லியிருந்தார்கள்.

“நான் கெட்டவன்லாம் இல்ல மேடம்” என்று அவரே என்னிடம் ஆரம்பித்தார். “அத்தினி பேரு பாத்துகினு கீறாங்க. ‘முடியாது’ன்னுது. சரி, இன்னா சொல்றோம்னு தெரியாம சொல்லிட்ச்சோன்னு ‘இன்னாது’ன்னு கேட்டேன். இன்னும் சவுண்டா ‘முடியாது’ன்னுது. எங்க வூட்ல என் பொண்ணுகூட அப்டி சொன்னதில்ல. நாளைக்கு இந்த லைன்ல யாரு என்னைய மதிப்பாங்க, நீங்களே சொல்லுங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “உங்க ஸ்டூடன்ட்தானே, நீங்க எக்ஸ்ப்ளெயின் பண்ணிடுங்க மேடம். எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு.”

நாக்கு நுனியில் எல்லாம் தயாராக வந்து நின்றது. கீரைக்கார அம்மாவில் ஆரம்பித்து அருமையாகச் சொல்லியிருப்பேன். “அவங்களே சொல்லுவாங்க சார்” என்றேன். அன்றைக்கு அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான்.

பிரதிமா எழுந்து நின்றாள்.

“சார், வெள்ளிக்கிழமை எனக்கு...”

நின்றுவிட்டாள். சொல் எங்கேயோ போய்விட்டது. உதடு அசைகிறது, ஒன்றும் வரவில்லை. ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் ஒரு போனைத் திருப்பி மணி பார்த்தார். தனசேகர் கூரையைப் பார்த்தார். பக்கத்தில் நிவேதாவின் வாய் ‘மு’ என்று குவிந்துவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன்.

உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இந்த இடத்தைத்தான். கற்றுக்கொள்கிறவர் ஒரு சொல்லைத் தேடும்போது வருகிற மௌனம் நம்மைப் பாடாய்ப் படுத்தும். அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட நாக்கு துடிக்கும். அவருக்கு உதவுகிறோம் என்று நினைப்போம். பாதி நேரம் நம் அவஸ்தையைத்தான் தீர்த்துக்கொள்கிறோம். அன்றைக்கு நிவேதா எடுத்துக் கொடுத்திருந்தால், பின்னால் பிரதிமா என்ன சொன்னாலும் டீச்சர் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாள் என்றுதான் தனசேகர் காதில் விழுந்திருக்கும்.

பிரதிமா கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொல் வந்தது.

“எனக்கு முடியல சார். ஜுரம். நான் ‘முடியாது’ சொன்னேன். தப்பு வார்த்தை. ஆனா ‘மாட்டேன்’ நான் சொல்லல. அன்னிக்கு மனசு இருந்துச்சு சார். உடம்பு இல்ல.”

தனசேகரின் கட்டிய கை தானாக அவிழ்ந்தது.

“ஜுரமா? அத சொல்றதுக்கு இன்னா? ‘முடியல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வண்டி வெச்சு ஆஸ்டலுக்கு அனுப்பியிருப்பேனே.”

“அந்த வார்த்தை நேத்துதான் வந்துச்சு சார்.”

மேனேஜர் சிரித்துவிட்டார். தனசேகரும் மீசைக்குள் சிரிப்பதைப் பார்த்தேன். “ஓகே, மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்தான். நாளைலேர்ந்து டியூட்டிக்கு வந்துடுங்க” என்று சொல்லி மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நிவேதா விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. நாங்கள் எழுந்தோம்.

பிரதிமா நகரவில்லை.

“சார், ஒரு டவுட்.” தனசேகரைப் பார்த்துத்தான் கேட்டாள். “ஜுரம் இல்ல. உடம்பு நல்லா இருக்கு. ஆனா அன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட் வேணாம். அப்ப எப்படிச் சொல்றது?”

 கிடைத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க வேண்டிய நேரத்தில் இதென்ன கேள்வி. இந்த முறை நிவேதா என் கையைப் பிடித்தாள்.

தனசேகர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தனசேகரைப் பார்த்தார். கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே முகம்தான். அதனால் தனசேகருக்கும் கோபப்பட வழி இல்லாமல் போயிற்று. உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்தார்.

“இன்னிக்கு வேணாம் சார்னு... இல்ல, அது நல்லா இல்ல. வேற வேல கீது சார்னு... அதுவும் ஒரு மாரி கீது.” ஒவ்வொன்றையும் வாயில் போட்டுச் சுவை பார்த்துத் துப்பினார். நாம் ஒரு பாடத்துக்கு எடுத்துக்காட்டு தேடும்போது செய்வதும் இதேதான். கடைசியில் முகம் தெளிந்தது. “‘கொஞ்சம் கஷ்டம் சார்’னு சொல்லு. கேக்கறவனுக்கும் மரியாதையா இருக்கும்.”

“கொஞ்சம் கஷ்டம் சார்.”

“அப்டி வெட்னாப்ல சொல்லக் கூடாது. ‘சார்’ல கொஞ்சம் இழுக்கணும்.”

“கொஞ்சம் கஷ்டம் சா...ர்.”

“ஆங். அதான்.”

மேனேஜர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஏதோ தோன்றின மாதிரி கேட்டார். “மத்த பொண்ணுங்கள்லாம் எப்படி சொல்வாங்க தனசேகர்?”

தனசேகர் வாயைத் திறந்தார். யோசித்தார். “மத்தவங்க... யாரும் சொன்னதில்லியே சார்.”

“ஒருத்தர்கூடவா?”

“கேட்டா இருப்பாங்க சார். நல்ல பொண்ணுங்க.”

“விருப்பம் இருக்கறவங்க மட்டும்தானே செகண்ட் ஷிஃப்ட்?”

“ஆமா சார். கேட்டுதான் நிக்க வெக்கறேன்.”

மறுபடி ஏ.சி. சத்தம் கேட்டது. இந்த மௌனத்தை யாரும் அவசரப்பட்டு நிரப்பவில்லை. மேனேஜர் அடுத்த மீட்டிங்குக்குப் போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது நிவேதா பொரிந்து தள்ளினாள். “எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்குப்பா அந்தக் கேள்வி? எனக்கு உயிரே போச்சு.” பிரதிமாவுக்கு அந்தக் கோபம் புரியவில்லை. “டவுட் டீச்சர். நீங்கதான் சொன்னீங்க, டவுட் இருந்தா கேக்கணும்” என்று சொல்லிவிட்டு இரண்டாவது பஜ்ஜியை எடுத்தாள்.

திரும்பி வருகிற ரயிலில் நிவேதா பாடக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தாள். ஊரப்பாக்கம் தாண்டியபிறகு சொன்னாள். “மேடம், நம்ம பாடம் முழுக்கப் பாத்தேன். காய் வாங்கறது, பஸ் கேக்கறது, லீவ் கேக்கறது, ஸாரி சொல்றது எல்லாம் இருக்கு. ஒருத்தர் கேக்கறதை மறுக்கறதுக்கு ஒரு பாடம்கூட இல்ல.” அதன்பிறகு அவளுடைய ஆய்வுத் தலைப்பே மாறிவிட்டது. பேராசிரியர்கள் முன்னால் அதை அவள் விளக்கிய நாளில் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே ஸ்லைடு போட்டாள், நன்றாகவே போட்டாள்.

நீங்கள் யாருக்கு மொழி சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களோ, அவர் பெரும்பாலும் நம் ஊரில் யாருக்காவது கீழே வேலை செய்கிறவராக இருப்பார். அவருக்குச் ‘சரி’ சொல்ல நீங்கள் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். அது தலையாட்டலிலேயே வந்துவிடும். மறுக்கிற சொல்லைத்தான் பக்குவமாக, அது எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அது கைவசம் இல்லாதவருக்கு எவ்வளவு சொற்கள் தெரிந்தாலும் மொழி தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிறு விடுதிக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. வகுப்புக்கு எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பிரதிமாதான் எழுந்து நின்று ‘சார்’ இழுத்துக் காட்டினாள். அத்தனை பேரும் சேர்ந்து இழுத்த சத்தத்தில் சமையல் அக்கா கரண்டியோடு வந்து, “இன்னா கூத்து இது?” என்று கேட்டுவிட்டு, அவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரம் கழித்துத் தனசேகர் எனக்குப் போன் செய்தார்.

“மேடம், இன்னா பாடம் நடத்திகினு கீறீங்க? ஒரே சாயங்காலத்துல அஞ்சாறு பேரு ‘கொஞ்சம் கஷ்டம் சார்’ன்றாங்க. எல்லாம் ஒரே அளவா இழுக்கறாங்க.”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்.”

அவர் பக்கம் சத்தமில்லை. கோபித்துக்கொண்டுவிட்டாரோ என்று நினைத்தேன். பிரதிமாவைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றுகிற உத்தரவு இன்னும் வரவில்லை, அதில் அவர் கையெழுத்தும் வேண்டும். ஆனாலும் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

“ஆமா, நான் சொன்னதுதான்” என்றார் கடைசியில். “மேனேஜர்கிட்ட ஆளு பத்தலன்னு சொன்னேன். இனிமே முன்னாடி நாளே கேட்டு வெச்சுக்கோன்னுட்டாரு. இன்னிக்கு அப்டித்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு, பிரதிமா, கொஞ்சம் யோசிச்சுது. இதுவும் இழுக்கப் போவுதுன்னு நின்னுகினு இருந்தேன். ‘நாளைக்கு இருக்கேன் சார்’னுச்சு.”

“சந்தோஷம் சார்.”

“இல்ல மேடம், நான் அதுக்காவ போன் பண்ணல. இத்தினி வருஷமா எல்லாரையும் கேட்டுகினுதான் கீறேன், எல்லாரும் சரின்னுதான் சொல்லிகினு இருந்தாங்க.” குரல் கொஞ்சம் தணிந்தது. “இன்னிக்கு அது சொன்னதுதான் மேடம், எனக்கு யாரோ மொத மொத சரின்னு சொன்னாப்ல இருந்துச்சு.”